வயிற்றின் மேல் விழுந்த பழி

வாய் நாறுகிறது என்று தெரிந்தவுடன் நம் வீடுகளில் முதலில் விசாரணைக்கு வருவது வயிறு. ‘மோஷன் ஒழுங்கா போகுதா?’, ‘நேரத்துக்குச் சாப்பிடறியா?’, ‘வயித்துல புண் இருக்கும், ஒரு டானிக் வாங்கிக் குடி.’ விளக்கெண்ணெய் குடித்து ஒருநாள் முழுக்கக் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக நடந்துவிட்டு, மறுநாள் அதே வாயோடு வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர். உணவுக்குழாய் எப்போதும் திறந்தே கிடக்கிறது, வயிற்றில் கெட்டுப்போனது மேலே ஏறி மூச்சில் கலக்கிறது என்பது இந்த வைத்தியத்துக்குப் பின்னால் இருக்கும் கற்பனை. உண்மையில் விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் தவிர மற்ற நேரமெல்லாம் அந்தக் குழாய் சுருங்கி மூடியே இருக்கிறது. ஏப்பத்தோடு புளித்த வாடை ஒரு கணம் வரும், போய்விடும். நாள் முழுக்க எதிரில் நிற்பவரைப் பின்வாங்க வைக்கும் நாற்றத்துக்கு வயிறு பெரும்பாலும் பொறுப்பாவதில்லை.

பெல்ஜியத்தில் லூவென் பல்கலைக்கழக மருத்துவமனையில் வாய் நாற்றத்துக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. அங்கே வந்த 2,000 பேரின் விவரங்களைத் தொகுத்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயே இருந்தது. நாக்கின் மேல் படிந்த படலம் மட்டுமே காரணம் என்று சுமார் 43 விழுக்காடு. ஈறு நோய் மட்டும் 11. இரண்டும் கூட்டாகச் சேர்ந்தது 18. காது, மூக்கு, தொண்டை, உடம்பின் மற்ற உறுப்புகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4 விழுக்காடுதான். வயிற்றுக்கு அந்த நான்கிலும் ஒரு பங்குதான். இவற்றுக்கு அப்பால் இன்னொரு கணக்கும் இருந்தது: சுமார் 16 விழுக்காட்டினருக்கு நாற்றமே இல்லை, இருப்பதாக நினைத்துக்கொண்டு வந்தவர்கள். அவர்கள் கதை தனி, பின்னால் வருகிறேன். தனிப் பிரிவைத் தேடி வருகிறவர்கள் ஊரில் உள்ள எல்லாருக்கும் சரியான மாதிரி ஆகமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல் வலித்தால் மட்டுமே பல் டாக்டரிடம் போகும் நம் ஊரில் இதே கணக்கை எடுத்தால் ஈறுகளின் பங்கு இன்னும் கூடும் என்பது என் ஊகம்.

வாய்க்குள் என்ன நடக்கிறது? மனித வாயில் வாழக்கூடியவை என்று சுமார் 700 வகை பாக்டீரியாக்களைக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு கூட்டம் காற்றுப் படாத இடமாகப் பார்த்துப் பதுங்கும். அவற்றுக்கு வேண்டியது புரதம். பல்லிடுக்கில் சிக்கிய உணவுத் துணுக்கு, உதிர்ந்துகொண்டே இருக்கும் வாய்த்தோலின் செல்கள், ஈறிலிருந்து கசியும் இரத்தம், தொண்டைக்கு வடியும் சளி எதுவானாலும் சரி. அந்தப் புரதத்தில் கந்தகம் அடங்கிய அமினோ அமிலங்கள் இரண்டு உண்டு: சிஸ்டீன், மெத்தியோனின். முதலாவதைப் பிரித்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அது அழுகிய முட்டை வாடை. இரண்டாவதைப் பிரித்தால் மெத்தில் மெர்கேப்டன், அது அதைவிட மோசம். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் டான்செட்டிச் 1960-களிலும் 70-களிலும் செய்த ஆய்வுகள்தான் வாய் நாற்றத்தில் இந்தக் கந்தக வாயுக்களே முதன்மையானவை என்பதை நிலைநாட்டின. சமையல் எரிவாயு கசிந்தால் மூக்கில் ஏறட்டும் என்று சிலிண்டரில் கலக்கிறார்களே, அந்த எத்தில் மெர்கேப்டன் இதே குடும்பத்து வாயு. காற்றில் நூறு கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு பிடித்துவிடும். சொத்தைப் பல்லுக்குத் தீனி சர்க்கரை, நாற்றத்துக்குத் தீனி புரதம். இனிப்பே தொடாதவருக்கும் வாய் நாறுவது இதனால்தான்.

இந்தக் கூட்டத்துக்கு வாயிலேயே மிகப் பிடித்த இடம் நாக்கின் பின்பகுதி. கண்ணாடி முன் நின்று நாக்கை முழுக்க வெளியே நீட்டிப் பாருங்கள். நுனியும் நடுவும் இளஞ்சிவப்பாக இருக்கும். பின்னால் போகப் போக வெளுப்போ மஞ்சளோ ஏறிய ஒரு படலம் தெரியும். முன்பகுதி சாப்பிடும்போதும் பேசும்போதும் பல்லிலும் மேலண்ணத்திலும் உரசி உரசித் தானே சுத்தமாகிறது. பின்பகுதிக்கு அந்த உரசல் கிடையாது. அங்கே மேற்பரப்பும் மேடும் பள்ளமுமாக இருக்கும். மூக்கின் பின்வழியாக இறங்கும் சளி வந்து சேர்வதும் அங்கேதான். ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை நாக்கு வழிக்கும் கருவியைப் பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளையில், முனை கூராக இல்லாமல், வளைவாகச் செய்யச் சொல்கிறது. நாக்கின் அடிப்பகுதியில் சேரும் அழுக்குதான் துர்நாற்றம் தருகிறது என்று காரணமும் சொல்கிறது. டான்செட்டிச்சுக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இடத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இது புதிய பழக்கமல்ல. பல் விளக்கிய வேப்பங்குச்சியையே இரண்டாகப் பிளந்து நாக்கை வழித்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. உதவாத பொருளைக் கண்டால் ‘இதை வச்சு நாக்கு வழிக்கவா?’ என்று கேட்கும் அளவுக்கு அது நம் பேச்சிலேயே ஊறியிருக்கிறது. ஆனால் வழிக்கும் விதத்தில்தான் கோளாறு. தெருவுக்கே கேட்கும்படி காறி உமிழ்ந்துகொண்டு, நாக்கின் முன்பாதியை நாலு இழுப்பு இழுத்துவிட்டு முடித்துவிடுகிறோம். சத்தம் அதிகம், போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நாக்கை நன்றாக நீட்டி, வழுக்கினால் துணியால் நுனியைப் பிடித்துக்கொண்டு, மூச்சை மெல்ல வெளியே விட்டபடி, ஓங்கரிப்பு வரும் எல்லைக்குச் சற்று முன்னால் வழிப்பானை வைத்து முன்னோக்கி இழுக்க வேண்டும். அழுத்தம் வேண்டாம். ஒவ்வொரு இழுப்புக்கும் கழுவிவிட்டு, படிவு வருவது நிற்கும்வரை செய்தால் போதும். இரத்தம் கசிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். ஓங்கரிப்பு முதல் சில நாள் தொல்லை கொடுக்கும், பிறகு பழகிவிடும். செம்பா, எவர்சில்வரா, பிளாஸ்டிக்கா என்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது. கந்தக வாயுவைக் குறைப்பதில் பல் துலக்கும் பிரஷ்ஷால் நாக்கைத் தேய்ப்பதைவிட வழிப்பான் சற்று மேல் என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தப் பலனும் நெடுநேரம் நிற்பதில்லை. ஒருநாள் ஆசாரமாகச் செய்துவிட்டு ஒருவாரம் விடுவதில் பயன் இல்லை. காலையில் மட்டும் செய்கிறவர்கள் இரவு படுக்கப்போகும் முன்பும் செய்ய வேண்டும். அந்தப் பாக்டீரியாக் கூட்டம் பெருகுவது இரவில்தான்.

அடுத்தது ஈறு. இது நாக்கைவிடத் தந்திரமானது, ஏனென்றால் வலிக்காது. பல்லின் கழுத்தில் படியும் மெல்லிய படலத்தை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள தாது உப்புகள் சேர்ந்து இறுகிக் காரையாகிவிடும். காரை ஏறிய பிறகு பிரஷ் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. ஈறு வீங்கும், பல்லை விட்டு விலகும், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை போல ஒரு பள்ளம் உண்டாகும். நல்ல ஈறில் அந்த இடுக்கின் ஆழம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். நோய் முற்றினால் 5, 6 என்று இறங்கிக்கொண்டே போகும். காற்று புகாத, இரத்தம் கசியும், பிரஷ் எட்டாத இடம். பாக்டீரியாக்களுக்கு வேறென்ன வேண்டும்? அங்கே உருவாகும் வாயுவில் மெத்தில் மெர்கேப்டனின் பங்கு கூடுதல். ஈறு நோய்க்காரரின் வாடை காலை நேரத்து வாடையிலிருந்து மாறி, கனமாக, பக்கத்தில் உட்கார முடியாதபடி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

துலக்கும்போது நுரையில் சிவப்பு தெரிந்தால் நாம் செய்வது என்ன? அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். ‘ஈறு சூடு, கொஞ்சம் நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளி’ என்று ஆலோசனை வேறு கிடைக்கும். தொடாமல் விட்டால் படலம் இன்னும் ஏறும், இரத்தம் இன்னும் வரும். ஈறில் இரத்தம் வருவது அங்கே இன்னும் கவனமாகச் சுத்தம் செய்யச் சொல்லும் அறிகுறி. புகைப்பவர்களுக்கு இந்த அறிகுறியும் கிடைக்காமல் போகலாம். புகையிலை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் உள்ளே நோய் வளர்ந்தாலும் இரத்தம் அவ்வளவாக வராது. சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றும், முற்றிய ஈறு நோயும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்கும்.

காரையை எடுக்க ஒரே வழி பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் செய்துகொள்வது. இதைத் தள்ளிப்போட நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது: ‘ஸ்கேலிங் பண்ணினா பல் ஆட ஆரம்பிச்சுடும்.’ பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கெட்டியாக அப்பியிருந்த காரை அதைப் பிடித்து நிறுத்தியிருந்தது, எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. காரணத்தைக் காரையில் தேடாமல் கருவியில் தேடுகிறோம். சுத்தம் செய்த பிறகு ஈறு இறுகி, ஓரளவு ஆட்டம் குறைவதும் உண்டு. சில நாள் பல் கூசும், அது உண்மை, பிறகு அடங்கிவிடும்.

பல்லிடுக்கு இன்னொரு தனி உலகம். பிரஷ்ஷின் தூவி பல்லின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தொடும், இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தைத் தொடாது. அங்கே ஃப்ளாஸ் நூலோ, இடைவெளி பெரிதாக இருந்தால் இடுக்குக்கென்றே விற்கும் சிறிய பிரஷ்ஷோ போக வேண்டும். ஊக்கையும் குண்டூசியையும் தீக்குச்சியையும் விட்டுக் குத்துவது ஈறைக் கிழித்து இடைவெளியை அகலமாக்கும் வேலை. நூலைக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒருமுறை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்தால், இதுவரை பேஸ்ட்டுக்குச் செலவழித்தது எங்கே எட்டவில்லை என்று உடனே விளங்கிவிடும்.

மற்ற மறைவிடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாதி முளைத்து மேலே ஈறு மூடிய ஞானப்பல், குழி விழுந்த சொத்தை, ஓரம் சரியாகப் பொருந்தாத கேப், பாலம் கட்டிய பல்லின் அடிப்புறம். பல்செட் போட்டிருக்கும் பெரியவர்கள் பலர் இரவிலும் அதைக் கழற்றுவதில்லை. கழற்றித் துலக்கித் தண்ணீரில் போட்டு வைக்காவிட்டால் பல்செட்டே நாற்றத்தின் இருப்பிடமாகிவிடும்.

எச்சில் நமக்குப் பெரிய காவல். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர்வரை சுரந்து, கழுவி, விழுங்கி, கிருமிகளை அடக்கிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில் அந்தச் சுரப்பு கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. காலை எழுந்ததும் எல்லார் வாயும் நாறுவது இதனால்தான். துலக்கி, எதையாவது சாப்பிட்டதும் போய்விடும் அந்த வாடைக்கு வைத்தியம் தேவையில்லை. வாய் திறந்து தூங்குபவர்களுக்கும் குறட்டை விடுபவர்களுக்கும் அது கூடுதலாக இருக்கும். தொடர்ந்து நாலு பீரியட் பாடம் நடத்தும் ஆசிரியர், நாள் முழுக்க ஹெட்செட்டில் பேசும் கால் சென்டர் ஊழியர், தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருப்பவர் எல்லாருக்கும் வாய் காய்ந்துதான் வாடை வரும். விரதம் நீண்டால் இன்னொன்றும் சேரும்: உடம்பு கொழுப்பை எரிக்கத் தொடங்கி, அதில் உண்டாகும் அசிட்டோன் மூச்சில் கலக்கும். அரிசியையும் சப்பாத்தியையும் அடியோடு நிறுத்தி எடை குறைக்கிறவர்களிடம் வரும் ஒருவித வாடையும் இதுவே.

முதியவர்களிடம் வாய் காய்வதற்குப் பெரும்பாலும் காரணம் வயது இல்லை, மாத்திரைப் பெட்டி. சளிக்கும் அலர்ஜிக்கும் தரும் மாத்திரைகள், நீர் பிரிய வைக்கும் மாத்திரைகள், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் வாயை உலர்த்தும். அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் ‘வாய் காயுது டாக்டர்’ என்று சொன்னால் மாற்ற முடிந்ததை மாற்றித் தருவார்கள். அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், சர்க்கரை இல்லாத சூயிங்கம், சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் சோம்பு என்று மெல்லும் வேலை எதுவானாலும் எச்சிலை ஊற வைக்கும். சோம்பின் மணம் சிறிது நேரம்தான் நிற்கும், ஆனால் ஊறும் எச்சிலுக்கு வேலை இருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் பூண்டைத் தவிர்க்க முடியாது. பூண்டு சாப்பிட்டதும் வரும் வாடையில் பெரும்பகுதி வாயில் ஒட்டியிருப்பது, துலக்கினால் போய்விடும். போகாதது அல்லைல் மெத்தில் சல்ஃபைடு என்ற வாயு. குடலும் கல்லீரலும் அதை உடைக்க முடியாமல் விட்டுவிட, அது இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே மூச்சில் வெளியேறிக்கொண்டே இருக்கும், ஒருநாள்கூட. 1999-இல் வெளியான ஒரு ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. எத்தனை முறை வாய் கொப்பளித்தாலும் மறுநாளும் பூண்டுக் குழம்பு மணப்பது இதனால்தான். இதற்கு உதவுவது பல்பொடி இல்லை, சமையலறை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து உணவு ஆய்வாளர்கள் பால், ஆப்பிள், புதினா, தயிர் என்று ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறார்கள். பாலிலும் தயிரிலும் உள்ள கொழுப்பும் புரதமும் பூண்டின் வாயுக்களைப் பிடித்துக்கொள்கின்றன; சாப்பிட்ட பிறகு குடிப்பதைவிடப் பூண்டோடு சேர்த்தே உள்ளே போனால் பலன் கூடுதல். நம் வீடுகளில் பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுக்கும் வழக்கத்தில் இந்தச் சாமர்த்தியம் தானாகவே அடங்கியிருக்கிறது. வேகவைப்பதே வாடையின் வீரியத்தைக் குறைக்கும் என்பது அதில் இன்னொரு லாபம்.

வெற்றிலைக்குத் தமிழில் வாய் மணத்தோடு நீண்ட உறவு. தக்கோலம், ஏலம், இலவங்கம், சாதிக்காய், கற்பூரம் என்று முகவாசம் சேர்த்து மடித்துத் தருவது விருந்தோம்பலின் அடையாளமாக இருந்தது. வெற்றிலையும் கிராம்பும் வாசனை தருவது உண்மை. ஆனால் அதோடு போகும் பாக்கு வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இலேயே புகையிலை சேராத வெற்றிலைப்பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. வாய் மணக்கட்டும் என்று தினமும் பாக்கு போடுவதைவிட இரண்டு ஏலக்காய் மெல்லலாம். பீடி, சிகரெட், மது மூன்றும் வாயை உலர்த்தித் தங்கள் சொந்த வாடையையும் சேர்க்கும். மது நுரையீரல் வழியாகவும் வரும் என்பதால் மேலே மிட்டாய் போட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஏமாற்றுவது தங்களை மட்டும்தான்.

தொண்டையில் டான்சிலின் குழிகளில் உணவுத் துணுக்கும் செத்த செல்களும் சேர்ந்து இறுகி, நொய்யரிசி அளவில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ உருண்டுவிடுவது உண்டு. இருமும்போது வெளியே வந்து விழும். விரலில் நசுக்கினால் அந்த நாற்றத்தை மறக்க முடியாது. இது ஆபத்தில்லாதது, உப்புநீர் கொப்பளித்தால் பலருக்குக் குறையும், தொல்லை மிகுந்தால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்த்துக்கொள்வார். நாள்பட்ட சைனஸ் தொந்தரவும் இந்த வகையே. குழந்தைகள் விஷயத்தில் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மூக்கின் ஒரே ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வடிந்தால், பிள்ளை விளையாட்டாக உள்ளே எதையோ செருகியிருக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும்: புளியங்கொட்டை, மணி, ரப்பர் துண்டு, ஸ்பாஞ்சு. பிள்ளை ஒத்துக்கொள்ளாது. வீட்டில் எடுக்க முயன்று உள்ளே தள்ளிவிடாமல் மருத்துவரிடம் போவதே சரி.

உடம்பின் உள்ளிருந்து வருவது குறைவுதான், ஆனால் வந்தால் அலட்சியம் கூடாது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய்க் கீட்டோன் ஏறும்போது மூச்சில் பழ வாடை போல வரும். கூடவே வாந்தி, மூச்சு வாங்கல், மயக்கம் இருந்தால் அது அவசர சிகிச்சைக்கான நிலை. சிறுநீரகம் செயலிழந்தால் அம்மோனியா வாடை. கல்லீரல் கெட்டுப்போனால் இனிப்பும் பூஞ்சையும் கலந்த ஒரு வாடை. நுரையீரலில் சீழ் கட்டியிருந்தால் சளியே நாறும். இரத்தத்தின் வழியே வரும் வாய் நாற்றத்தில் அடிக்கடி அகப்படும் வாயு டைமெத்தில் சல்ஃபைடு. அதை உடம்பு கழிக்க முடியாமல் போகும் ஒரு பரம்பரைக் குறைபாட்டுக்குக் காரணமான மரபணுவை 2018-இல்தான் கண்டுபிடித்தார்கள். மீன் வாடை வரும் டிரைமெத்தில் அமினூரியா என்ற இன்னொரு பரம்பரைக் குறைபாடும் உண்டு. மகாபாரதத்து மச்சகந்தியை இந்த நோயின் முதல் குறிப்பாக மருத்துவ எழுத்தாளர்கள் சிலர் எடுத்துக்காட்டுகிறார்கள். அவளுடைய மீன் வாடையைப் போக்கிய பராசரர் கையில் கிடைத்த சிகிச்சை இன்றைய மருத்துவத்திடம் இல்லை. உணவுக் கட்டுப்பாட்டால் சமாளிக்கிறார்கள். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரிக்கும் வாய் நாற்றத்துக்கும் தொடர்பு உண்டா என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. வாயைச் சோதிக்காமல் நேரே எண்டோஸ்கோப்பிக்கு அனுப்புவது எனக்குத் தலைகீழாகப் படுகிறது.

இனி கடைவீதி. வாய் நாற்றத்தை ஒரு வெட்கக்கேடாக்கி விற்பனைச் சரக்காக மாற்றியதில் லிஸ்டரினுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவரின் பெயரை வைத்து 1879-இல் உருவான கிருமிநாசினி அது. 1920-களில் ‘ஹாலிட்டோசிஸ்’ என்ற மருத்துவச் சொல்லைத் தூக்கிப்பிடித்து, கல்யாணம் நடக்காததற்கும் நண்பர்கள் ஒதுங்குவதற்கும் அதுவே காரணம் என்று விளம்பரம் செய்தபோதுதான் வீட்டுக்கு வீடு போனது. அந்தப் பயமுறுத்தலின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நாம் டிவியில் பார்ப்பவை. கொப்பளிக்கும் திரவங்கள் பயனற்றவை என்று சொல்லவில்லை. துத்தநாகம் சேர்ந்தவை கந்தக வாயுவைப் பிணைத்து அடக்குகின்றன. குளோர்ஹெக்ஸிடின் பாக்டீரியாவைக் கொல்வதில் வல்லது; ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கில் ருசி மாறும், மருத்துவர் சொன்ன நாளோடு நிறுத்திவிட வேண்டும். பேஸ்ட்டால் துலக்கிய உடனே அதைக் கொப்பளித்தால் அதன் வீரியம் குறையும் என்பதால் அரைமணி இடைவெளி விடச் சொல்வார்கள். காரையும் படிவும் அப்படியே இருக்க மேலே திரவத்தை ஊற்றினால் சில மணி நேரம் மணக்கும், அவ்வளவே. வாய் நாற்றச் சிகிச்சைகளை அலசிய 2019-ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பாய்வு, எந்த ஒன்றுக்கும் உறுதியான சான்று போதவில்லை என்றுதான் முடித்தது.

எண்ணெய் கொப்பளித்தலைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். தமிழகப் பல் மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஒரு முன்னோட்ட ஆய்வில், வளரிளம் பருவத்தினர் 20 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்கு நல்லெண்ணெய், மறுபாதிக்குக் குளோர்ஹெக்ஸிடின் கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு நாற்றத்தைக் குறைத்தன. இருபது பேரை வைத்து ஊருக்கே சட்டம் எழுத முடியாது. ஆனால் கேடில்லாதது, செலவில்லாதது, பிடித்தவர்கள் செய்யலாம். துலக்குவதற்குப் பதிலாகச் செய்யக் கூடாது. எண்ணெய் கொப்பளித்தால் சர்க்கரை போகும், மூட்டுவலி போகும் என்று வாட்ஸ்அப்பில் வருவதை அங்கேயே விட்டுவிடலாம்.

எலுமிச்சைச் சாறால் தினமும் கொப்பளிப்பது பல்லின் மேற்பூச்சை அரிக்கும். கரித்தூளும் செங்கல்பொடியும் உப்பும் பல்லைத் தேய்த்துவிடும். சில பல்பொடிகளில் முன்பு புகையிலை கலந்திருந்தார்கள். பேஸ்ட்டிலும் பல்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-இல் தடை செய்தது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மெட்ரோநிடசோல் என்ற பாக்டீரியாக்கொல்லி மாத்திரையை விழுங்குவது இன்னொரு வழக்கம். நாலு நாள் நாற்றம் அடங்கும், ஈறுப் பள்ளம் அப்படியே இருக்கும், பாக்டீரியா திரும்பி வரும், அடுத்த முறை மருந்துக்கு அடங்காமலும் வரலாம்.

நாற்றமே இல்லாத அந்த 16 விழுக்காட்டினரை மறந்துவிடவில்லை. எதிரில் இருப்பவர் மூக்கைத் தடவினால் தன்னால்தான், ஜன்னலைத் திறந்தால் தன்னால்தான் என்று அவர்களுக்குப் படும். கையால் வாயை மூடிப் பேசுவார்கள், பஸ்ஸில் ஓரமாக ஒதுங்குவார்கள், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை துலக்குவார்கள். சோதித்துப் பார்த்து ‘நாற்றம் இல்லை’ என்று காட்டினால் பலர் நிம்மதியாகப் போய்விடுவார்கள். சிலர் நம்பமாட்டார்கள், அடுத்த மருத்துவர், அதற்கடுத்தவர் என்று அலைவார்கள், நல்ல பல்லைப் பிடுங்கச் சொல்லியும் கேட்பார்கள். 1971-இல் ஒரு மனநல மருத்துவர் இதைத் தனி நோயாக விவரித்தார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் இப்போது அதற்குத் தனி இடம் இருக்கிறது. இவர்களைக் கேலி செய்வதும், ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்று விரட்டுவதும் கொடுமை. அவர்கள் படும் அவதி நிஜம். மனநல மருத்துவரிடம் அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது.

மறுபக்கம், உண்மையிலேயே நாறுகிறவருக்குத் தெரிவதே இல்லை. தன் வாடைக்குத் தன் மூக்கு பழகிப்போயிருக்கும். உள்ளங்கையில் ஊதி முகர்வது நம்பத்தக்க சோதனை இல்லை. மணிக்கட்டை நக்கிச் சில வினாடி காயவிட்டு முகரலாம்; ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனால் நாக்கின் பின்பகுதியை வழித்து முகர்ந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மருத்துவமனைகளில் கந்தக வாயுவை அளக்கும் கருவிகள் இருந்தாலும் இன்றைக்கும் இறுதித் தீர்ப்பு மனித மூக்கினுடையதே. வருகிறவர் இரண்டு நாளாவது பூண்டு, வெங்காயம் தொட்டிருக்கக் கூடாது, சென்ட் அடித்திருக்கக் கூடாது. வாயை மூடி ஓரிரு நிமிடம் உட்கார்ந்த பிறகு ஒன்றிலிருந்து இருபதுவரை சத்தமாக எண்ணச் சொல்வார்கள். எண்ண எண்ண வாய் காய்ந்து, உள்ளிருப்பது வெளியே வரும். மருத்துவர் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் மூக்கை வைத்து 0-விலிருந்து 5-வரை மதிப்பெண் போடுவார்.

இதையே வீட்டிலும் செய்யலாம், மூக்கைக் கடன் தர ஒருவர் கிடைத்தால். பெரும்பாலும் அது மனைவியோ கணவரோ, வளர்ந்த பிள்ளையோதான். ‘அப்பா, ஒரு தடவை பல் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்களேன்’ என்பதற்கு மேல் நம் வீடுகளில் யாரும் சொல்வதில்லை. அதனால் நாமே கேட்டுவிடுவது சுலபம். கேட்கும்போது இரண்டு முறை முகரச் சொல்ல வேண்டும். முதலில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயால் மட்டும் ஊதுங்கள். பிறகு வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். வாயில் மட்டும் வாடை என்றால் பல் மருத்துவர். மூக்கில் மட்டும் என்றால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர். இரண்டிலும் ஒரே அளவில், அதுவும் நாள் முழுக்க இருந்தால் பொது மருத்துவரைப் பார்த்து, இரத்தச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல் மூன்றுக்கும் பரிசோதனை எழுதித் தரச் சொல்லலாம்.